சுழியம் புள்ளி ஏழு

நான் கற்பித்து ஓய்வுபெற்ற பாடசாலை அண்மையில் ஒரு நினைவு மலர் வெளியிட்டது. அதில் என்னைப் பற்றியும் ஒரு பத்தி உண்டு. எண்பதுகளிலேயே தமிழ் எழுத்துகள் தோன்றும் கணினி விளையாட்டொன்றை ஆக்கியவர் என்றும், அவ்விளையாட்டு மூன்று பதிப்புகள் கண்டது என்றும் அப்பத்தி கூறுகிறது. எழுதியவர் என் பழைய மாணவர், அன்பினால் எழுதினார். ஆயினும் அவ்வாக்கியத்தின் இரு செய்திகளும் பொய். விளையாட்டை ஆக்கியவள் என் தங்கை. அது முழுமையான ஒரு பதிப்பைக்கூடக் காணவில்லை. மூன்று என்ற எண்ணை அதன் முகப்பில் பொறித்தவன் நான். அச்சேறிய பொய்யை அச்சிலேயே மறுக்க வேண்டும் என்பது நான் மாணவர்க்குச் சொல்லி வந்த ஒழுங்கு. அதனை எனக்கு நானே சொல்லிக்கொள்ள இத்தனை ஆண்டுகள் சென்றன.

சவூதியில் வேலை பார்த்த எங்கள் மாமா, எண்பதுகளின் நடுப்பகுதியில் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டிக்குள் அந்தக் கருவி இருந்தது. விசைப்பலகையின் வயிற்றுக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கியிருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியுடன் அதனைப் பொருத்த வேண்டும். எழுதிய நிரலை ஒலிநாடாவில் பதிந்து வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு கேட்கும் ஒலிப்பதிவுக் கருவியே அதற்கும் பயன்பட்டது. நிரல் பதிந்த நாடாவைத் தவறுதலாக ஓடவிட்டால் காதைத் துளைக்கும் கீச்சொலி எழும். உம்மா அடுக்களையிலிருந்து கேட்பார்:

“என்ன புள்ள அது, சில்வண்டக் கொண்டுவந்து அடச்சி வெச்சிரிக்கியா?”

நான் அப்போது தமிழாசிரியன். திருமணத்தின்பின் மாப்பிள்ளை பெண்வீட்டில் வாழ்வது கிழக்கிலங்கையில் எம்மூர் வழக்கம். ஆகவே மருதமுனையில் மனைவி வீட்டில் இருந்தேன். பாடசாலை விட்டதும் மிதிவண்டியில் கல்முனைக்கு வந்து உம்மாவையும் தங்கையையும் பார்த்துப் போவேன். வாப்பா மறைந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. தங்கை உயர்தரத்தில் கணிதம் படித்தவள். சில புள்ளிகள் குறைந்ததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. மாமா கொண்டுவந்த கருவியோடு சில ஆங்கில இதழ்களும் வந்திருந்தன. அவற்றை அகராதியின் துணையோடு படித்துப் படித்தே அவள் நிரல் எழுதக் கற்றாள்.

அவள் எழுதிய விளையாட்டுக்கு ‘மடை’ என்று பெயர். திரையில் ஒரு வாய்க்கால் ஓடும். அதன் இருமருங்கும் வயல்கள். விளையாடுபவர் மடைகளைத் திறந்தும் அடைத்தும் பயிர் வாடுமுன் எல்லா வயல்களுக்கும் நீர் பாய்ச்ச வேண்டும். இடையே எருமை வந்து வரம்பை உடைக்கும். எத்தனை வயல் நனைந்தது என்பதை அவள் வெற்றியாகக் கொள்ளவில்லை. வாய்க்காலின் கோடியில் உள்ள கடைசி வயலான கடைக்கண்டத்துக்கு நீர் சேர்ந்தால் மட்டுமே வெற்றி. எங்கள் வாப்பாவின் வயல் ஒரு வாய்க்காலின் கோடியில்தான் இருந்தது. மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடிக்கும்வரை மண்வெட்டியோடு வரம்பில் காத்திருந்த மனிதர் அவர்.

ஒருநாள் அவள், ‘காக்கா’ என்று அண்ணனாகிய என்னை அழைத்து ஒரு நாடாவைத் தந்தாள். உறையில் ‘மடை 0.4’ என்று எழுதியிருந்தது. உள்ளே அரைத்தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“இது என்ன, பரீட்சைப் புள்ளியா? நாலும் முழுசாக் கிடைக்கல்லயா?” என்றேன்.

“முன்னுக்கு சைபர் இரிந்தா வேல முடியல்ல எண்டு அர்த்தம் காக்கா. புள்ளிக்குப் பின்னால வாறது எத்தினையாம் தரம் வெளிய குடுக்கிற எண்டு. முடிஞ்ச நாளையிலதான் ஒண்டு போடுவன்.”

“அப்ப ஒன்பதாம் தரம் முடிஞ்சா?”

“பத்து. சைபர் புள்ளி பத்து.”

“அது ஒன்பத விடச் சின்னது புள்ள. ஏழாம் வகுப்புப் புள்ளையளுக்கும் தெரியும்.”

“இது தசமம் இல்ல காக்கா. நீங்க குர்ஆன் ஓதக்குள்ள ஒன்பதாம் ஆயத்துக்குப் பிறகு பத்தாம் ஆயத் வருகுதுதானே? அது சின்னதாப் பெய்த்தா?”

வாதத்தில் தோற்கும்போது நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன்; அவளுடைய சொல்லைத் திருத்தினேன். “சைபர் என்று சொல்லாதே, சுழியம் என்று சொல்” என்றேன். அதன்பின் அவள் சுழியம் என்றே சொன்னாள்.

இம்முறையை அவள் அந்த இதழ்களிலிருந்து எடுத்திருந்தாள். தம் வீட்டிலிருந்தே தனியாக விளையாட்டு எழுதி, நாடாவில் பதிந்து, அஞ்சலில் அனுப்புவோர் அங்கே பலர் இருந்தார்களாம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எண்ணிட்டனர். சிலர் திகதியை இட்டனர். சிலர் எழுத்துகளை இட்டனர். சிலர் சிறு திருத்தத்துக்கும் புது எண் போட்டுக் குழப்பினர். சுழியத்தில் தொடங்கும் முறையே அவளுக்குப் பிடித்தது. பெறுபவரிடம் அது எதையும் மறைப்பதில்லை என்றாள். அரைத்தாளில் இரு தலைப்புகள் இருக்கும். ஒன்று ‘மாற்றியவை’, மற்றது ‘தெரிந்த பிழைகள்’. 0.4க்குரிய தாளில், ‘எருமை வரம்பில் ஏறினால் இறங்க மாட்டாது’ என்றும், ‘சிறுபோகம் இன்னும் எழுதப்படவில்லை’ என்றும் எழுதியிருந்தாள். ஆண்டின் இரண்டாம் பயிர்க்காலமான அதனை விளையாட்டின் இரண்டாம் பாதியாக அவள் எண்ணியிருந்தாள்.

அந்த நாடாவை நான் காரைதீவிலிருந்த என் நண்பரிடம் கொடுத்தேன். அவர் நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞர். அவருடைய வீட்டிலும் அதே வகைக் கருவி ஒன்று இருந்தது. ஒரு வாரத்தின்பின் நாடாவைத் திருப்பித் தரும்போது சொன்னார்:

“சேர், உங்கட தங்கச்சிட வாய்க்கால்ல தண்ணி மேட்டுக்கு ஏறுது. எங்கட இஞ்சினியர் கண்டாரெண்டா இண்டைக்கே ஆள வேலைக்கு எடுத்துருவார்.”

தங்கை அதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு நான்கு நாள்கள் அதனையே திருத்தினாள். 0.5 பிறந்தது. இவ்வாறு நான் நாடாவைச் சுமந்து செல்வதும், நண்பர் குறை சொல்வதும், அவள் திருத்துவதுமாக 0.7 வரை வந்தது.

இதில் என் பங்கு ஒன்றே. கருவிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எட்டுக்கெட்டுக் கட்டங்களில் நிரப்பி, ஒவ்வொரு எழுத்தையும் நாமே அதற்குக் கற்பிக்க வேண்டும். என் மாமனார் தறி வைத்திருந்தவர். சாரத்துக்கும் சேலைக்கும் கரை வரையும் கட்டத்தாள் அவர் வீட்டில் நிறைய இருந்தது. அதில் எழுத்துகளை நான் வரைந்து கொடுத்தேன். ‘டை’ என்னும் எழுத்தை இரண்டு எட்டுக்கெட்டுச் சதுரங்களுக்குள் அடக்க ஒரு வாரம் சென்றது. அந்த வாரம் எனக்கு மிகுந்த செருக்கைத் தந்தது. விளையாட்டின் பாதி என்னுடையது என எண்ணத் தொடங்கினேன். பாடசாலையில் ‘நாங்கள் ஒரு விளையாட்டு ஆக்குகிறோம்’ என்று சொல்லலானேன்.

அந்நாள்களில்தான் பத்திரிகையில் ஓர் அறிவித்தல் வந்தது. கொழும்பிலிருந்த ஒரு கணினிப் பயிற்சி நிலையம், தாமே நிரல் எழுதியவர்கள் அதனை நாடாவில் அனுப்பலாம் என்றும், தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு ஓராண்டுப் பயிற்சியும் அதன்பின் வேலையும் தரப்படும் என்றும் தெரிவித்திருந்தது. நான் அதனை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாய்ந்தமருதிலிருந்து தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

“வெள்ளாம வெட்டுற மட்டும் பாக்கிறன்,” என்றார் உம்மா. “கடிதம் வந்தா கொழும்பில சாச்சிட வீட்ட நிண்டு படிக்கட்டும். வரல்லண்டா அவங்களுக்கு சொல்லுக் குடுக்கிறதான். பிறகு ஆரும் அழப்படா.”

“ஓம் உம்மா,” என்றாள் தங்கை. அவள் அழும் இயல்பினள் அல்லள். ஆனால் அன்று மாலை அவள் தொழுதபின் விரிப்பை மடிக்காமல் நெடுநேரம் அமர்ந்திருந்ததை நான் கண்டேன்.

அவள் 0.7ஐ அனுப்பவே முடிவு செய்தாள். சிறுபோகம் எழுதி முடிக்கக் காலம் போதாது. “முடியாதத முடியாதது எண்டே அனுப்புவம் காக்கா. அவங்களுக்கு விளங்கும்,” என்றாள். அரைத்தாளையும் ஆங்கிலத்தில் எழுதி வைத்தாள். எங்கள் வீட்டுக்கு அஞ்சல் ஒழுங்காக வருவதில்லை என்பதால் என் பாடசாலை முகவரி கொடுக்கப்பட்டது. அஞ்சலில் சேர்க்கும் பொறுப்பும் என்னுடையது.

அடுத்த நாள் பிற்பகல் நான் வந்தபோது அவள் அயல்வீட்டில் ஒரு குழந்தையின் பேர்வைப்புக்குப் போயிருந்தாள். உம்மாவும் உடன் போயிருந்தார். மேசைமேல் அனுப்புவதற்கெனப் பதிந்த நாடாவும் அரைத்தாளும் இருந்தன. ‘தெரிந்த பிழைகள்’ என்ற தலைப்பை மறுபடி வாசித்தேன். என் உள்ளம் அதனை ஏற்கவில்லை. தன் நூலின் வாசலில் நின்று தன் குற்றங்களைக் கூவுவார் உண்டோ என நினைத்தேன். நானறிந்த நூலுலகில் இரண்டாம் பதிப்பு என்பது பெருமை. மூன்றாம் பதிப்பு என்பது பெரும்பெருமை. முதற்படிகள் எல்லாம் விலைபோய், அறிஞர் மெச்சி, மீண்டும் அச்சேறியது என்பது அதன் பொருள். சுழியம் என்பதோ வறுமை. அந்த எண்ணோடு கொழும்புக்குப் போனால் கிழக்கிலிருந்து வந்த ஒரு சிறுமியின் அரைகுறை முயற்சி என எறிந்துவிடுவார்கள் என அஞ்சினேன். அஞ்சினேன் என்று எழுதுவது எனக்குச் சாதகமானது. உண்மையில், என் எழுத்துகள் தோன்றும் முகப்பில் சுழியம் நிற்பதை நான் விரும்பவில்லை.

நாடாவைக் கருவியில் ஏற்றினேன். நிரலின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. புது வரியொன்றை எண்ணோடு தட்டினால் கருவி அதனை உரிய இடத்தில் சேர்த்துக்கொள்ளும். அவ்வெண்ணில் ஏற்கெனவே ஒரு வரி இருந்தால், ஒரு சொல்லும் கேளாது பழையதை அழித்துப் புதியதை அவ்விடத்தில் வைத்துவிடும். இதனை அவள் எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். திரையில் தொண்ணூறாம் வரிவரை தெரிந்தது. அடுத்தது வெற்றிடம் எனக் கொண்டு, நூறாம் வரியாக ‘மூன்றாம் பதிப்பு’ என்பதைப் பொறித்தேன். அதன் கீழே என் பெயரை ‘மேற்பார்வை’ என்ற சொல்லோடு சேர்த்தேன். 0.7 என்ற எண்ணை நீக்கினேன். ஓட்டிப் பார்த்தேன். முகப்பு எழுந்தது. என் எழுத்துகள் அழகாக நின்றன. முதல் இரு வயல்களுக்கு நீர் பாய்ந்ததையும் கண்டேன். அவர்கள் திரும்பும் நேரம் நெருங்கியதால் அவ்வளவில் நிறுத்தி, அதே நாடாவிலும் வேறொன்றிலும் பதிந்துகொண்டேன். ஒன்று கொழும்புக்கு, மற்றது பாடசாலையில் காட்டுவதற்கு. அரைத்தாளை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதற்கு மாற்றாக ஒரு முன்னுரை எழுதி இணைத்து மறுநாள் காலை அஞ்சலில் சேர்த்தேன்.

மூன்று நாள்களின்பின் இரண்டாம் நாடாவைக் காரைதீவு நண்பரிடம் பெருமையோடு கொடுத்தேன். அவர் அதே மாலை என்னைத் தேடி மருதமுனைக்கு வந்துவிட்டார்.

“மூண்டாம் பதிப்பு எண்டு கிடக்கு. ஒண்டும் ரெண்டும் எங்க சேர் போனது?”

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

“அத விடுங்க. கடைக்கண்டத்துக்குத் தண்ணி வருகுதில்ல சேர். எல்லா மடையையும் திறந்து பாத்திட்டன். ஏழில வந்தது, நான் வெண்டு போட்டன். இதில ஆரும் வெல்ல ஏலாது.”

அவருடைய வீட்டுக்குச் சென்று நிரலை வரிவரியாகப் பார்த்தோம். நூறாம் வரி வெற்றிடமாக இருக்கவில்லை. திரையின் அடிவிளிம்புக்குக் கீழே அது மறைந்திருந்தது. கடைக்கண்டத்தின் மடை எங்கே உள்ளது எனக் கருவிக்குச் சொல்லும் வரி அது. அவ்விடத்தில் இப்போது என் தலைப்பு நின்றது.

“தங்கச்சிட்ட சொன்னா ஒரு நிமிசத்தில சரியாக்கிருவா. முடிவு திகதிக்கு இன்னும் அஞ்சு நாள் கிடக்குத்தானே? வேற நாடா அனுப்புங்க,” என்றார் நண்பர்.

“ஓம், சொல்றன்,” என்றேன்.

சொல்லவில்லை. சொல்வதாயின் சுழியத்தை நீக்கியதைச் சொல்ல வேண்டும்; அரைத்தாளை மறைத்ததைச் சொல்ல வேண்டும்; மேற்பார்வை என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். நாள்தோறும் அவள் முன் சென்று அமர்ந்தேன். நாள்தோறும் வேறொன்றைப் பேசி எழுந்தேன். தேர்வாளர்கள் கடைசி வயல்வரை விளையாடப் பொறுமை கொள்ளார் என என்னையே தேற்றிக்கொண்டேன். ஐந்தாம் நாள் கடந்தபோது, வெட்கத்தோடு கூறுகிறேன், எனக்கு ஒருவித ஆறுதலே உண்டாயிற்று.

அவர்கள் கடைசி வயல்வரை விளையாடியிருந்தார்கள். பாடசாலைக்கு வந்த கடிதம் சுருக்கமானது, பண்பானது. கருத்து புதுமையானது என்றும், எழுத்துருக்கள் நேர்த்தியானவை என்றும் கூறியது. ஆனால் மூன்றாம் பதிப்பு என வெளியிடப்பட்ட ஆக்கத்தில் வெல்லும் வழியே இல்லாதிருப்பது, ஆக்கியவர் தம் வேலையைச் சோதிக்கும் வழக்கமற்றவர் எனக் காட்டுவதாகவும், முற்றுப்பெறாத தொடக்க முயற்சியாயின் இதனை வேறுவிதமாக மதித்திருப்போம் என்றும் முடிந்தது. கடைசி வாக்கியத்தை ஆசிரியர் அறையில் நின்று பலமுறை வாசித்தேன்.

வீட்டில் தங்கை வாசற் படலையிலேயே நின்றாள்.

“எடுபடல்ல,” என்றேன். “கடைக்கண்டத்துக்குத் தண்ணி வரல்லயாம்.”

“வரல்லயா? வந்ததே காக்கா.” அவளுடைய முகத்தில் துயரத்துக்கு முன் வியப்பே தோன்றியது. “கடிதம் எங்க?”

“பள்ளிக்கூடத்தில விட்டுட்டன்.”

அது என் கைப்பையில் இருந்தது.

அன்று தொடங்கி அவள் இல்லாத பிழையைத் தேடினாள். தன்னிடமிருந்த 0.7ஐ ஓட்டிப் பார்ப்பாள், நீர் வரும். மறுபடி ஓட்டுவாள், வரும். எருமை குறித்த நேரத்தில் வந்தால் தவறுமோ என்று மாற்றினாள், அது 0.8. மேல்மடையை இருமுறை திறந்தால் தவறுமோ என்று மாற்றினாள், 0.9. நான் எள்ளிய அந்தப் பத்தும் வந்தது. அதன் அரைத்தாளில் தெரிந்த பிழைகள் என்ற தலைப்பின் கீழ், ‘கடைக்கண்டத்துக்குச் சில வேளை நீர் வருவதில்லை. காரணம் அறியேன்’ என்று எழுதியிருந்தாள். அத்தாளையும் நாடாவோடு என்னிடமே தந்தாள், நண்பருக்குக் கொடுக்கும்படி. நான் கொடுக்கவில்லை. 0.11க்குப் பின் கருவியை உறையிட்டு மூடினாள். வெள்ளாமை வெட்டியாயிற்று. உம்மா சாய்ந்தமருதுக்குச் சொல் கொடுத்தார்.

அவளுடைய இல்வாழ்க்கை குறைவுற்றதன்று. கணவர் நல்லவர், பிள்ளைகள் நன்கு படித்தனர். இதனை நான் பல ஆண்டுகள் எனக்கு மருந்தாகக் கொண்டேன். ஆயினும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சமைத்த கறியில் உப்புக் கூடியது என யாரேனும் சொன்னால்கூட, அவள் மறுத்துப் பேசாமல், தானே எங்கோ தவறியிருப்பதாக உடனே ஏற்றுக்கொள்வாள். நான் அறிந்த பழைய தங்கை அப்படிப்பட்டவள் அல்லள். என்னோடு ஆயத்து எண்ணைக் காட்டி வாதாடியவள்.

நினைவு மலர் வந்த வாரம் அதனை எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன். அப்பத்தியைக் காட்டி, மேலே எழுதிய அனைத்தையும் சொன்னேன். அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஏழு சரியாத்தான் இரிந்த?” என்று கேட்டாள்.

“ஓம். ஏழு சரி.”

“நான் பதினொண்டு மட்டும் போனேனே காக்கா.”

நான் புறப்படும்போது மலரை என் கையில் திருப்பித் தந்து, “எழுதுறண்டா எண்ணச் சரியா எழுதுங்க,” என்றாள். மன்னித்தாளா என்பதை நான் அறியேன். கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

எனவே எண்ணைச் சரியாக எழுதுகிறேன். அந்த விளையாட்டின் பெயர் மடை. ஆக்கியவள் என் தங்கை. அவள் கொழும்புக்கு அனுப்பத் துணிந்த எண் 0.7, அதில் கடைக்கண்டத்துக்கு நீர் வந்தது. 0.8 முதல் 0.11 வரை உள்ளவை என் மௌனத்தால் பிறந்தவை. மூன்றாம் பதிப்பு என ஒன்று இல்லை.

இவ்வுரையில் எனக்குத் தெரிந்த பிழைகளையும் அவள் வழியில் இங்கே குறிக்கிறேன். அழிந்த வரி நூறாம் வரிதானா, நூற்றுப்பத்தா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கடிதத்தின் வாசகம் நினைவிலிருந்து எழுதப்பட்டது; கடிதத்தை நான் கிழித்துவிட்டேன். 0.1, 0.2, 0.3 ஆகியவற்றை நான் பார்க்கவேயில்லை. எங்களிடமிருந்த நாடாக்கள் உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடித்துப் போயின. காரைதீவு நண்பர் கடல் கடந்து சென்றுவிட்டார், முகவரி அறியேன். அக்காலத்தில் எம்மூர்ப் பகுதியில் இவ்வகைக் கருவி வைத்திருந்த எவரிடமேனும் அந்நாடாவின் படியொன்று எஞ்சியிருந்தால், அதனைக் கொண்டு இதிலுள்ள தவறுகளைத் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன். திருத்தத்தை எனக்கு அனுப்புமுன் என் தங்கைக்குத் தெரிவியுங்கள்.